மூக்கைத் தூக்காதே

கையை உள்ள எடுங்க சார், எதிர்ல லாரி வருது.

போயிருச்சு. இப்ப நீட்டிக்கோங்க. கண்டக்டர் முன்னாலதான் நிக்கிறான், பாக்க மாட்டான். காத்துல கையை வச்சு விளையாடிட்டு வர்றீங்களே, ஒண்ணு சொல்றேன், செஞ்சு பாருங்க. உள்ளங்கை தரையைப் பாக்குற மாதிரி மட்டமா வைங்க. ம், அப்படித்தான். காத்து மேலயும் கீழயும் அது பாட்டுக்கு ஓடிரும். இப்ப கட்டைவிரல் பக்கத்தைக் கொஞ்சூண்டு தூக்குங்க. பாத்தீங்களா, கை மேல போகுது. நீங்க தூக்கல, காத்து தூக்குது. இன்னுங் கொஞ்சம் சாய்ங்க. இன்னும் மேல போகும். இன்னும். இன்னும்... ஆங்! தொப்புனு விழுந்து பின்னால இழுத்துட்டுப் போகுதுல்ல?

அவ்வளவுதான் சார். விமானம் பறக்குறதும் அதுதான், விழறதும் அதுதான். என்ஜின் நின்னா விழும்னு ஊரெல்லாம் நினைச்சிட்டிருக்கு. என்ஜின் நின்னாலும் பதறாம மிதந்து வந்து ஒரு வயக்காட்டுல இறக்கிரலாம். ஆனா இறக்கையோட கோணம் அளவுக்கு மிஞ்சிருச்சுன்னா, என்ஜின் முழு மூச்சா ஓடிட்டிருக்கும்போதே விழும். இறக்கை முதுகுல ஒட்டி ஓடுற காத்து பிச்சுக்கிட்டுப் போயிரும். அப்புறம் அது இறக்கை இல்ல, வெறும் தகரம். அதுக்குப் பேரு ஸ்டால். நம்ம டீ ஸ்டால் இல்ல.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறீங்க. பேரு ஞானசிகாமணி. எல்லாரும் கேப்டன்னு கூப்பிடுவாங்க. விமானம் ஓட்டக் கத்துக் கொடுக்குறது தொழில். இருந்தது. அந்த அனுமதியைத்தான் பிடுங்கிட்டாங்களே. இப்ப தங்கச்சி வீட்டோட இருக்கேன், அறந்தாங்கியில. நீங்க எதுவரைக்கும்? அப்ப நேரம் இருக்கு. சொல்றேன், நியாயத்தை நீங்களே சொல்லுங்க.

பயிற்சிப் பள்ளியோட பேரு வேண்டாம், வழக்கு கிடக்கு. உலகப் போர் சமயத்துல வெள்ளைக்காரன் போட்ட பழைய ரன்வே. சுத்திச் சீமைக்கருவை. ஒரு பக்கம் கண்மாய், தண்ணி இருக்கிற மாசத்தைவிட ஆடு மேயுற மாசம்தான் அதிகம். அங்கதான் நான் வருஷக்கணக்கா ஆளை உருவாக்கினேன். என்கிட்டப் படிச்சவன் இன்னிக்குத் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பெரிய பெரிய விமானம் ஓட்டுறான். ஒருத்தனாவது விழுந்தானா? கேட்டுப் பாருங்க.

விழுந்தது நித்திலா ஒருத்திதான்.

திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பொண்ணு. அப்பா ராசப்பன், லாரிக்குப் பாடி கட்டுற பட்டறை வச்சிருக்கார். சேர்க்க வந்த அன்னிக்கு அந்த மனுசன் என்கிட்டக் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? அந்தக் காலத்து அப்பனா இருந்தா, "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததை உரிச்சிருங்க"ன்னு சொல்லிட்டுப் போவான். இவர், "ஏனுங்க கேப்டன், மெஸ்ஸுல தயிர் கெடைக்குமுங்களா? பாப்பாவுக்குத் தயிர் இல்லாட்டி சோறு எறங்காது"ங்கிறார். எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. அப்பவே நினைச்சேன், இது தயிர்சாதக் கேசுன்னு.

ஆனா கெட்டிக்காரி. அதை நான் மறைக்கல. பாடத்துல முதல். வானிலையா, என்ஜினா, வரைபடமா, எதைக் கேட்டாலும் சொல்லுவா. மேல போயிட்டா கை அவ்வளவு மெதுவா இருக்கும். கண்ட்ரோலை, அதான் விமானத்தோட ஸ்டியரிங்கை, ரெண்டு விரல்ல பிடிப்பா, கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி. அது பிறவியில வரணும், சொல்லிக் கொடுத்து வராது.

ஸ்டால் பாடம் நான் சொல்லாமத்தான் ஆரம்பிப்பேன். அது என் முறை. எனக்குக் கத்துக் கொடுத்தவர் மண்டையில அடிச்சுக் கத்துக் கொடுத்தார், நான் அவ்வளவு தூரம் போறதில்ல. நல்ல உயரத்துக்குக் கூட்டிட்டுப் போவேன். சும்மா பேசிட்டே வேகத்தைக் குறைப்பேன், விமானத்தோட மூக்கை மெல்ல மெல்லத் தூக்குவேன். இறக்கையோட முன் விளிம்புல ஒரு சின்ன ஓட்டை இருக்கும் சார். கோணம் எல்லையைத் தொடப்போகுதுன்னா அது வழியாக் காத்து பூந்து ஊளை விடும். கைக்குழந்தை பசிக்கு அழற மாதிரி இருக்கும். அதுதான் எச்சரிக்கை. அதையும் மீறித் தூக்கினா, தடதடன்னு ஒரு நடுக்கம், அப்புறம் மூக்கு கவுந்து கீழ போகும். வயிறு வாய்க்கு வந்திரும்.

அன்னிக்கு நித்திலா அலறிட்டா. அலறினது மட்டுமில்ல, கண்ட்ரோலைத் தன் பக்கமா இழுத்துட்டா. எல்லாரும் இழுப்பாங்க. விழறோம்னு தெரிஞ்சா மனுசப் புத்தி மேல தூக்கத்தான் பாக்கும். ஆனா தூக்கத் தூக்கக் கோணம் இன்னும் கூடும், இன்னும் விழும். விழும்போது மூக்கைக் கீழ விடணும் சார். பாதாளத்தைப் பாத்து நீயே குனியணும். அப்பத்தான் காத்து திரும்ப இறக்கையைப் பிடிக்கும். இது புத்திக்குப் புரியும், கைக்குப் புரியாது. கைக்குப் புரிய வைக்கத்தான் நான் ஸ்கேல் வச்சிருப்பேன். இரும்பு ஸ்கேல். விரல் முட்டியில ஒண்ணு போட்டேன். "மூக்கைத் தூக்காதே!"

அப்புறம் இழுத்தாளா? இழுக்கல. நாலு தடவை செஞ்சோம், கடைசித் தடவை அவளே செஞ்சா, அழகா. கீழ இறங்கி ஓரமாப் போய் வாந்தி எடுத்தா. வாயைத் துடைச்சுட்டு வந்து என்கிட்ட ஒண்ணு கேட்டா: "கேப்டன், இது உயரத்துல சரி. இறங்க வரும்போது, தாழ்வா, ஒரு திருப்பத்துல ஸ்டால் ஆச்சுன்னா என்ன பண்றது?"

நான் சொன்னேன்: "ஆகாமப் பாத்துக்கோ."

சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. கேலிக்குச் சொல்லல சார், உண்மை அதுதான். அந்த உயரத்துல ஆனா பண்றதுக்கு ஒண்ணும் கிடையாது. கவுந்த மூக்கு நிமிர்றதுக்குள்ள தரை வந்திரும்.

அவளுக்கு ஒரே ஒரு குறை, இறங்குறது. மேல ராணி மாதிரி இருப்பா. ரன்வேயைப் பாத்துத் திரும்பினதும் உடம்பு விறைச்சிரும். கொஞ்சம் உயரம் கூடிட்டாப் போதும், கொஞ்சம் விலகிட்டாப் போதும், "சுத்திட்டு வர்றேன் கேப்டன்"னு சொல்லி மறுபடி மேல ஏத்திருவா. ஒரு முழு வட்டம் அடிச்சுட்டு வந்து அப்புறம்தான் இறங்குவா. விதிப்படி அது தப்பில்ல. சரியா வரலைன்னா சுத்திட்டு வான்னுதான் புத்தகமும் சொல்லுது. ஆனா எதுக்கெடுத்தாலும் சுத்திட்டே இருந்தா? எண்ணெய்க் காசு யார் அப்பன் வீட்டுது? மத்த பிள்ளைங்க வரிசையில நிக்குதுங்க. அதைவிடப் பெரிசு, ஒரு விமானிக்கு முடிவெடுக்கத் தெரியணும். இறங்குறேன்னா இறங்கணும்.

ஒரு நாள் காலையில ரெண்டு தடவை சுத்திட்டா. இறங்கி வந்தவளை விண்ட்சாக் கம்பத்துக்கிட்ட நிறுத்தினேன். உங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, காத்து எந்தப் பக்கம்னு காட்டுற துணிப்பை. அங்க நிழல் கிடையாது. "மத்தியானம் வரைக்கும் இங்க நின்னு காத்து எப்படி அடிக்குதுன்னு பாரு"ன்னேன். பாடம்தானே அதுவும்? நின்னா. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. அன்னிக்கு அவளுக்கு ஒரு பேர் வச்சேன், 'ஊர்வலம்'. சாமி ஊர்வலம் மாதிரி சுத்திச் சுத்தி வர்றால்ல? செல்லமா வச்ச பேரு சார். எல்லாரும் கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. மெஸ்ஸுல தட்டைத் தூக்கிட்டு வந்தா, "ஊர்வலம் வருது, வழி விடு"ம்பாங்க. நல்லா இருந்துச்சு. ஒரு குடும்பம் மாதிரி இருந்தோம்.

இர்ஃபான்னு ஒருத்தன், அவகூடப் படிச்சவன், அவன் மட்டும் என் ரூமுக்கு வந்தான். "கேப்டன், அவ சரியாத்தானே செஞ்சா? காத்து தள்ளிருச்சு, அதான் சுத்திட்டு வந்தா. புத்தகத்துலயே அப்படித்தானே..."

"புத்தகமா வந்து இறக்கப் போகுது, நீதானே இறக்கணும்?"ன்னு கேட்டேன். வாயை மூடிட்டுப் போயிட்டான். இந்த இர்ஃபானைத்தான் நான் என் பிள்ளை மாதிரி நினைச்சேன். பின்னால விசாரணையில போய் என்னென்ன சொன்னான்னு கேட்டீங்கன்னா உங்களுக்கே ரத்தம் கொதிக்கும். இருக்கட்டும், வர்றேன்.

அதுக்கப்புறம் அவ சுத்துறதை நிறுத்திட்டா. முறை பலிச்சுதா இல்லையா? முன்னப் பின்ன ஆனாலும் இறக்கிருவா. ரெண்டு மூணு தடவை தடால்னு போட்டா, டயர் தேஞ்சுது, ஆனா இறக்கினா. நான் முதுகுல தட்டிக் கொடுத்தேன். அவளுக்குப் பேச்சே குறைஞ்சு போச்சு. பக்குவம் வந்திருச்சுன்னு நினைச்சேன்.

ஆடி மாசம். எங்க பக்கம் ஆடிக் காத்து உங்களுக்குத் தெரியும், மேக்க இருந்து மண்ணை வாரிக்கிட்டு அடிக்கும். அன்னிக்கு அவ தனியாப் போறா. முதல் தடவை இல்ல, தனியா எத்தனையோ தடவை போயிருக்கா. கிளம்பும்போது காத்து அவ்வளவு இல்ல. போனப்புறம்தான் ஏறுச்சு. நான் ரன்வே ஓரத்துல, கையில ரேடியோவோட நிக்கிறேன். நான் எப்பவும் கீழ நின்னுதான் பாப்பேன். ரூம்ல ஃபேனுக்கு அடியில உக்காந்துக்கிட்டுச் சொல்லிக் கொடுக்குற ஆள் நான் இல்ல.

இறங்க வர்றா. எங்க ரன்வே தெக்கு வடக்கா இருக்கும். அவ ரன்வேக்குக் குறுக்கால, மேக்க இருந்து கிழக்க வந்து, கடைசியா ஒரு திருப்பம் திரும்பி நேரா நிக்கணும். காத்து முதுகுல தள்ளுது. கொஞ்சம் சீக்கிரமே திரும்பியிருக்கணும். திரும்பல. தள்ளிக்கிட்டே போகுது. எனக்கு இங்கிருந்து தெரியுது, இவ ரன்வேக்கு நேரான கோட்டைத் தாண்டப் போறா, தாண்டிட்டுச் சுத்திட்டு வர்றேம்பான்னு.

ரேடியோவில சொன்னேன்: "இன்னிக்கு ஊர்வலம் வேண்டாம். ஒரே தடவையில இறங்கு."

"சரி, கேப்டன்"னா.

தெம்பு கொடுத்தேன் சார். வேற என்ன அது? ஒரு ஆசான் சொல்ற சொல்தானே?

திரும்பினா. கோட்டைத் தாண்டிட்டதால இறுக்கித் திரும்பணும். இறக்கையை நல்லா சாய்ச்சுட்டா. சாய்ச்சா மூக்கு தானா இறங்கப் பாக்கும். இறங்காம இருக்கக் கண்ட்ரோலை இழுத்தா. இழுக்க இழுக்கத் திருப்பம் இறுகும், கோணமும் ஏறும். சாதாரணமாப் போகும்போது தாங்குற வேகம், அப்படி இறுக்கித் திரும்பும்போது தாங்காது சார். அதெல்லாம் அவளுக்குத் தெரியும். பரீட்சையில எழுதியிருக்கா, படம் போட்டு.

அப்ப ரேடியோவில ஊளைச் சத்தம் கேட்டுச்சு. அந்த எச்சரிக்கை ஊளை. தரையில நிக்கிற எனக்கு அது கேக்கவே கூடாது. எப்படிக் கேட்டுதுன்னா, அவ பேசுற பட்டனை அழுத்திப் பிடிச்சிருக்கா. என்னவோ சொல்ல வந்திருக்கா. சொல்லல. பட்டனை அழுத்திட்டுச் சும்மா இருக்கா, பின்னால அந்த ஊளை மட்டும் கேக்குது. நான் கத்துறேன், "மூக்கைத் தூக்காதே! மூக்கை விடு! விடு!" அவ பட்டனை அழுத்தியிருக்கிற வரைக்கும் நான் பேசுறது அவளுக்குக் கேக்காது. அந்த ரேடியோ அப்படித்தான். ஒருத்தர் பேசினா இன்னொருத்தர் பேசுறது போகாது. என்ன சொல்ல வந்தாளோ, சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?

திரும்புற பக்கத்து இறக்கை முதல்ல காத்தை விட்டுருச்சு. ஒரு பக்கமாப் புரண்டு, பம்பரம் சாயுற மாதிரி அரைச் சுத்து. கருவைக்காட்டுக்குள்ள போயிருச்சு. சத்தம் பெரிசா இல்ல. கதவை ஓங்கிச் சாத்தின மாதிரி ஒண்ணு, அவ்வளவுதான். அப்புறம் மண்ணு. அந்த மண்ணையும் ஆடிக் காத்து கொண்டு போயிருச்சு.

தீப்பிடிக்கல. இர்ஃபான்தான் முதல்ல ஓடிப் போய்ச் சேர்ந்தான். நான் போறப்ப நசுங்கின கதவைப் பிடிச்சு இழுத்துட்டிருக்கான், உடம்பெல்லாம் முள்ளுக் கிழிச்சு ரத்தம். நான் உள்ள பாத்தேன். பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. "விடுறா, இனி அவசரம் இல்ல"ன்னேன். அவன் விடல. ரெண்டு பேரா வந்து பிடிச்சு இழுத்தாங்க. "பேர் சொல்லிக் கூப்பிடுங்க கேப்டன், ஒரு தடவை அவ பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க"ன்னு கத்துறான். பித்துப் பிடிச்சவன் மாதிரி. அந்த நேரத்துல பேரைச் சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன?

காரியமெல்லாம் முடிஞ்சு அவ அப்பா வந்தார். தனியா வந்தார். விழுந்த இடத்தைப் பாக்கணும்னார். கூட்டிட்டுப் போனேன். உடைஞ்சு கிடந்த கருவைக் கிளைகளைப் பாத்துட்டே கொஞ்ச நேரம் நின்னார். அப்புறம், "எப்படிங்க விழுந்துது? எனக்கு வெளங்கற மாதிரி சொல்லுங்க"ன்னார்.

சொன்னேன். உங்களுக்குச் சொன்ன மாதிரியே, பொறுமையா. அவருக்குச் சட்டுனு புரிஞ்சிருச்சு. "பட்டறையில தகரத்தைத் தூக்கிட்டுப் போறப்போ காத்தடிச்சா ஆளையே தூக்குமுங்க. கொஞ்சம் ஏமாந்து நிமித்திப் புடிச்சா அப்படியே மல்லாத்திப் போடும். அதானுங்களே?"

"அதேதான்"னேன்.

"அப்போ, அந்தத் திருப்பம் சரியா வர்லீன்னு தெரிஞ்சா, வேற என்னங்க பண்ணோணும்?"

"சுத்திட்டு வரணும். மேல ஏத்தி ஒரு வட்டம் அடிச்சுட்டு வந்து மறுபடி இறங்கணும்."

"வரலாமுங்களா அப்படி?"

"தாராளமா. அதுதான் விதியே."

"அது பாப்பாவுக்குத் தெரியுமுங்களா?"

"நல்லாத் தெரியும்."

அவர் என்னையே பாத்தார். "அப்புறம் ஏனுங்க அவ சுத்திட்டு வர்ல?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்"னேன். உண்மையைத்தானே சொன்னேன்? எனக்கும் இன்னிவரைக்கும் புரியலையே.

டீ வாங்கிட்டு வரச் சொன்னேன். வேண்டாம்னுட்டார். கிளம்புறப்ப, காரு கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, ஒண்ணு சொன்னார். என்கிட்டச் சொல்ற மாதிரி இல்ல, சும்மா காத்துல சொல்ற மாதிரி. "மேல இருக்கறப்போ பயமே இல்லீங்கப்பா, எறங்கறதுக்குத்தான் பயமா இருக்குதுன்னு போன்ல சொல்லுவாளுங்க. நான் கிறுக்கன், வண்டி எறக்கறதைச் சொல்றான்னு நெனச்சுப் போட்டனுங்க."

வேற எதைச் சொல்லியிருப்பா? இறங்குறதைத்தானே? நான் அப்பவே மனசுல குறிச்சுக்கிட்டேன், பாத்தியா, பெத்த அப்பனே ஒத்துக்கிட்டார், இறங்குறதுல பலவீனம்னு.

விசாரணைக்கு டெல்லியில இருந்து ரெண்டு பேர் வந்தாங்க. ஒரு அம்மாதான் பெரிய அதிகாரி, தமிழ்தான், ரொம்ப மரியாதையாப் பேசுனாங்க. விமானத்துல கோளாறு இல்ல, ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டோம். இர்ஃபான் போய் எல்லாத்தையும் கொட்டியிருக்கான். ஸ்கேல், வெயில்ல நிறுத்தினது, பட்டப்பேர், ரேடியோவில சொன்னது, ஒண்ணு விடல. ஒவ்வொண்ணையும் திரிச்சு. அந்த அம்மா ஒவ்வொண்ணாக் கேட்டாங்க, நான் எதையும் மறைக்கல. ஆமா செஞ்சேன், ஏன் செஞ்சேன்னு காரணத்தோட சொன்னேன். கடைசியா, எனக்குச் சாதகமா இருக்கட்டும்னு நானேதான் அவங்க அப்பா சொன்னதை எடுத்துச் சொன்னேன். "பொண்ணு வீட்டுலயே சொல்லியிருக்கா மேடம், மேல பயமில்ல, இறங்கத்தான் பயம்னு. அவ அப்பாவையே கூப்பிட்டுக் கேளுங்க."

அந்த அம்மா எழுதிட்டிருந்ததை நிறுத்திட்டாங்க. கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சாங்க. ஜன்னல் வழியா ரன்வேயைப் பாத்தாங்க. அப்புறம் மெதுவாக் கேட்டாங்க: "அவங்க இறங்கி வரும்போது கீழ யார் நிப்பாங்க, கேப்டன்?"

என்ன கேள்வி சார் இது? நெஞ்சை நிமித்திச் சொன்னேன், "நான்தான் மேடம் நிப்பேன். மழையோ வெயிலோ, ஒரு நாள் தவறினதில்ல. அவ இறங்குற ஒவ்வொரு தடவையும் நான்தான் நின்னேன்."

அதையும் எழுதிக்கிட்டாங்க.